எந்த யாக்கோபு, எந்த மரியாள்? வேதாகமத்தில் ஒரே பேருள்ளவர்களைக் குழப்பிக்கொள்ளாமல் படிப்பது எப்படி

சண்டே ஸ்கூலில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒருநாள் கையைத் தூக்கினான். "டீச்சர், ரெண்டாவது வசனத்துல யாக்கோபை ஏரோது வெட்டிட்டான். பதினேழாவது வசனத்துல பேதுரு, 'இதை யாக்கோபுக்குச் சொல்லுங்க'ன்னு சொல்றாரு. செத்துப்போனவருக்கு எப்படி டீச்சர் சொல்ல முடியும்?"

அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரம். விரலை வசனத்தின்மேல் வைத்துக்கொண்டே கேட்டான். சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாம் அந்த அதிகாரத்தை ஏற்கெனவே வாசித்தவர்கள்தான், பேதுருவைத் தேவதூதன் சிறையிலிருந்து கூட்டிக்கொண்டு போன கதை அவர்களுக்கு மனப்பாடம், ஆனால் இந்த இடம் யார் கண்ணிலும் பட்டதில்லை. இப்படிக் கேட்கிற பிள்ளைதான் நிஜமாகவே வாசிக்கிறது என்று நான் நினைக்கிறேன். வெட்டப்பட்டவர் செபெதேயுவின் மகன், யோவானின் அண்ணன் தம்பியில் ஒருவர். பேதுரு சொல்லியனுப்பச் சொன்னது வேறு ஒரு யாக்கோபுக்கு, இயேசுவின் சகோதரர் என்று பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது குறிப்பிடுகிறாரே, அவருக்கு. பதில் இவ்வளவுதான். ஆனால் இந்தப் பதிலை நாமே கண்டுபிடிப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன், ஏனென்றால் அது தெரிந்தால் இந்த ஒரு இடம் மட்டுமல்ல, ஐம்பது இடம் தெளிவாகும்.

பேருக்கு முன்னால் இனிஷியல் போடுங்கள்

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். முதல் நூற்றாண்டு யூதேயாவிலும் கலிலேயாவிலும் பிள்ளைகளுக்கு வைத்த பேர்கள் கொஞ்சம்தான். சீமோன், யோசேப்பு, யூதா, யோவான், யாக்கோபு, பெண்களில் மரியாள், சலோமே. எருசலேமைச் சுற்றித் தோண்டியெடுத்த அந்தக் காலத்து எலும்புப் பெட்டிகளின்மேல் பொறித்திருக்கிற பேர்களைப் பார்த்தாலும் இவையேதான் திரும்பத் திரும்ப வருகின்றன. நம் ஊரில் ஒரே தெருவில் நாலு முருகன் இருந்தால் என்ன செய்வோம்? அப்பா பேரின் முதல் எழுத்து, இல்லாவிட்டால் கடைக்கார முருகன், மேலத்தெரு முருகன். அவர்களும் அதைத்தான் செய்தார்கள். செபெதேயுவின் குமாரன், மகதலேனா, சிரேனே ஊரான், குஷ்டரோகி, தோல் பதனிடுகிறவன். நாம் வாசிக்கும்போது இந்த அடைமொழிகளை அலங்காரம் மாதிரி தாண்டிப் போய்விடுகிறோம், குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

அதனால் ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். யாக்கோபு என்று எங்கே வந்தாலும் ஓர் இனிஷியலோடு எழுதுங்கள். ஈசாக்கின் மகன் ஈ. யாக்கோபு. செபெதேயுவின் மகன் செ. யாக்கோபு. அல்பேயுவின் மகன், அவரும் இயேசுவின் பன்னிரண்டு அப்போஸ்தலரில் ஒருவர், அ. யாக்கோபு. இயேசுவின் சகோதரருக்கு அப்பா பேரில் இனிஷியல் போட்டால் சபைக்குச் சபை சண்டை வரும் என்பதால் நான் 'எருசலேம் யாக்கோபு' என்று எழுதி வைத்திருக்கிறேன், அவர் எருசலேம் சபைக்குத் தலைவராக இருந்தார், நடபடிகள் 15-ஆம் அதிகாரத்தில் சங்கம் கூடும்போது கடைசியில் தீர்ப்புச் சொல்கிறவரும் அவர்தான், யாக்கோபின் நிருபத்தை எழுதியவர் என்று பாரம்பரியம் சொல்வதும் அவரைத்தான்.

அந்தச் 'சகோதரர்' என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மாற்கு 6:3-இல் யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்று நாலு பேர் வருகிறார்கள். புரொட்டஸ்டண்ட் சபைகளில் பெரும்பாலானவர்கள் இவர்களை மரியாளுக்கும் யோசேப்புக்கும் பிறகு பிறந்த பிள்ளைகள் என்கிறார்கள், கத்தோலிக்கர்கள் நெருங்கிய உறவுமுறைச் சகோதரர்கள் என்கிறார்கள், கிழக்கத்திய சபைகளில் யோசேப்புக்கு முந்தைய மனைவியின் பிள்ளைகள் என்ற பாரம்பரியம் உண்டு. சித்தி மகனையும் பெரியப்பா மகனையும் அண்ணன் தம்பி என்றே கூப்பிட்டு வளர்ந்த நமக்கு இந்த வித்தியாசம் ஏன் வந்தது என்று புரிந்துகொள்வது கஷ்டமில்லை. நோட்டில் எழுதும்போது எந்தப் பக்கமும் சாயாமல் எழுதினால் எல்லாச் சபைப் பிள்ளைகளுக்கும் அதே நோட்டைக் கொடுக்கலாம்.

ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு இந்த யாக்கோபுக் குழப்பம் கொஞ்சம் குறைவு. பழைய ஏற்பாட்டில் வருகிறவர் அங்கே ஜேக்கப், புதிய ஏற்பாட்டில் வருகிறவர்கள் ஜேம்ஸ். மூலம் ஒரே பேர்தான், லத்தீன் வழியாகப் போகும்போது இரண்டாகப் பிரிந்துவிட்டது. தமிழ் அதைப் பிரிக்காமல் வைத்திருக்கிறது, அது நல்லதுதான் என்பேன், பன்னிரண்டு கோத்திரத்துக்கும் தகப்பனானவரின் பேரைத்தான் கலிலேயா மீனவர்கள் தங்கள் பிள்ளைக்கு வைத்தார்கள் என்பது தமிழில் பார்த்தவுடனே தெரிகிறது. நம் வீடுகளில் ஜேம்ஸ் என்று பேர் வைத்துக்கொண்டிருக்கிற எத்தனையோ பேருக்குத் தங்கள் பேர் யாக்கோபுதான் என்று தெரியாது. என் அம்மா வீட்டுப் பக்கம் கத்தோலிக்கர்கள், அங்கே குதிரைமேல் இருக்கிற சந்தியாகப்பர் என்று கும்பிடுகிறார்களே, அவரும் செ. யாக்கோபுதான். ஸ்பானிய மொழியில் 'சாந்த்' என்ற அடைமொழியோடு 'யாகோ' ஒட்டிக்கொண்டு சந்தியாகு ஆனது.

யோசேப்பு விஷயத்தில் இனிஷியலும் காலை வாரிவிடும், அதைச் சொல்லியாக வேண்டும். வினாடி வினாவில் "யோசேப்பின் தகப்பன் பேர் என்ன" என்று கேட்டால் யாக்கோபு என்று பதில் வரும். எந்த யோசேப்பு? எகிப்துக்கு விற்கப்பட்டவரின் அப்பாவும் யாக்கோபு, மத்தேயு 1:16-இன்படி மரியாளின் கணவரின் அப்பாவும் யாக்கோபு. இருவருக்கும் சொப்பனத்தில் செய்தி வந்தது, இருவரும் எகிப்துக்குப் போனார்கள். மத்தேயு இதை எழுதும்போது பழைய யோசேப்பு அவர் மனதில் இருந்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. லூக்கா தருகிற வம்ச வரலாற்றில் மரியாளின் கணவருக்கு மேலே ஏலி என்ற பேர் வருகிறது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட இடத்தில் அப்பா பேரை விட்டுவிட்டு மனைவி பேரையோ ஊரையோ பிடித்துக்கொள்வதுதான் வழி. மரியாளின் யோசேப்பு, அரிமத்தியா யோசேப்பு.

ஒரே அதிகாரத்தை எடுத்துப் பழகுங்கள்

பயிற்சிக்கு அந்தப் பையன் கேட்ட 12-ஆம் அதிகாரத்தைவிட நல்ல இடம் கிடையாது. இருபத்தைந்து வசனம்தான். அதற்குள் ஏரோது ஒருவன், யாக்கோபு இருவர், யோவான் இருவர், மரியாள் ஒருவர். பென்சிலோடு உட்காருங்கள்.

முதல் வசனத்தில் ஏரோது ராஜா. கோடு போட்டு நிறுத்தி வையுங்கள், அவனைப் பற்றிக் கீழே விரிவாகப் பார்க்கலாம். இரண்டாம் வசனத்தில் யோவானுடைய சகோதரனாகிய யாக்கோபு பட்டயத்தால் கொல்லப்படுகிறார், நடபடிகளை எழுதிய லூக்கா அடைமொழி போட்டுத்தான் எழுதியிருக்கிறார், செ. யாக்கோபு என்று எழுதுங்கள், யோவானுக்கும் செ. யோவான். பிறகு பேதுரு பிடிபடுகிறார், நாலு நாலு பேராக நாலு வகுப்புப் போர்ச்சேவகர் காவல், சங்கிலிகள் கழன்று விழுகின்றன, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. தெருவில் தனியாக நிற்கிற பேதுரு நேராகப் போவது, மாற்கு என்ற பேருள்ள யோவானின் அம்மா மரியாளின் வீட்டுக்கு. இங்கே இரண்டு பேருக்குக் குறிப்பு எழுத வேண்டும். இந்த யோவான் அப்போஸ்தலன் யோவான் இல்லை, பின்னால் பவுலோடும் பர்னபாவோடும் புறப்பட்டுப் பாதி வழியில் திரும்பிப் போய்விட்ட மாற்கு. இந்த மரியாள் இயேசுவின் தாயும் இல்லை, மகதலேனாவும் இல்லை, எருசலேமில் ஜெபக்கூட்டத்துக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரி, வேலைக்காரப் பெண் ரோதை வாசல் கதவைத் திறக்காமலே சந்தோஷத்தில் உள்ளே ஓடினாளே, அந்த வீடு. அப்புறம் 17-ஆம் வசனம். இங்கே லூக்கா அடைமொழி எதுவுமே போடவில்லை, வெறும் யாக்கோபு. செ. யாக்கோபு இறந்த பிறகு அடைமொழியே தேவைப்படாத அளவுக்குத் தெரிந்த ஒருவர் சபையில் இருந்திருக்கிறார் என்று அர்த்தம். எருசலேம் யாக்கோபு.

பதினைந்து நிமிஷம் ஆகும். அடுத்த அதிகாரத்துக்குப் போகும்போது கண் தானாகவே அடைமொழியைத் தேட ஆரம்பித்துவிடும்.

ஏரோது: தாத்தா, மகன், பேரன், கொள்ளுப்பேரன்

"குழந்தைகளைக் கொன்ற ஏரோது இயேசுவை விசாரிக்கும்போது எவ்வளவு வயசு?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டிருக்கிறார். அவன் அதற்குள் செத்துப் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஏரோது என்பது ஒரு குடும்பப் பேர் மாதிரி, ஒரே ஆள் பேர் இல்லை. நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது இப்படி: தாத்தா குழந்தைகளைக் கொன்றான், மகன் யோவானின் தலையை வாங்கினான், பேரன் யாக்கோபை வெட்டினான், கொள்ளுப்பேரன் பவுல் பேசியதைக் கேட்டான்.

தாத்தா, மகா ஏரோது. கி.மு. 37 முதல் 4 வரை ஆண்டவன், எருசலேம் தேவாலயத்தைப் பெரிதாகக் கட்டியவன், பெத்லகேம் குழந்தைகள் கதையில் வருகிறவன். அவன் செத்தபோது ராஜ்யம் பிள்ளைகளுக்குள் பிரிந்தது. யூதேயா அர்கெலாயுவுக்குப் போனது, யோசேப்பு எகிப்திலிருந்து திரும்பும்போது பயந்துபோய் நாசரேத்துக்கு ஒதுங்கியது இவனுக்குப் பயந்துதான். கலிலேயா இன்னொரு மகனான ஏரோது அந்திப்பாவுக்கு. இவனை அடையாளம் காண பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அருமையான ஒரு சொல் இருக்கிறது, 'காற்பங்கு தேசாதிபதி'. எங்கேயாவது காற்பங்கு என்று பார்த்தீர்களானால் தாத்தாவை மறந்துவிடலாம். யோவான் ஸ்நானனைக் கொன்றவன் இவன், இயேசு 'நரி' என்று சொன்னது இவனைத்தான், பிலாத்து இயேசுவை விசாரணைக்கு அனுப்பியதும் இவனிடம்தான். கி.பி. 39 வரை பதவியில் இருந்தான்.

பேரன் ஏரோது அகிரிப்பா, 12-ஆம் அதிகாரத்து ஏரோது. அந்திப்பா சேர்த்துக்கொண்ட ஏரோதியாள் இவனுடைய கூடப் பிறந்தவள். கி.பி. 44-இல் செசரியாவில் இவன் செத்ததை லூக்காவும் எழுதுகிறார், யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸும் எழுதுகிறார். கொள்ளுப்பேரன் இரண்டாம் அகிரிப்பா, நடபடிகள் 25, 26-ஆம் அதிகாரங்களில் பெர்னீக்கேயோடு வருகிறவன். லூக்கா அவனை ஏரோது என்று சொல்வதே இல்லை, அகிரிப்பா ராஜா என்றுதான் சொல்கிறார், அதனால் அங்கே குழப்பம் குறைவு. பெர்னீக்கே அவன் மனைவி என்று பலர் நினைக்கிறார்கள், தங்கை. ரோம தேசாதிபதி பேலிக்ஸின் மனைவி துருசில்லாளும் இன்னொரு தங்கை.

ஆக, ஏரோது என்று வந்தால் அப்பா பேரைத் தேட வேண்டாம், அந்த இடத்தில் இயேசு குழந்தையா, ஊழியம் செய்கிறாரா, பரமேறிப் போய்விட்டாரா என்று பாருங்கள். காலம் தெரிந்தால் ஆள் தெரிந்துவிடும்.

மகதலேனா மரியாளுக்கு நடந்தது

இதுதான் எனக்கு மனசு பொறுக்காத இடம், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். "மகதலேனா மரியாள் யார்?" என்று எந்தச் சபையில் கேட்டாலும் "பாவியாக இருந்தவள், இயேசுவின் பாதத்தைக் கண்ணீரால் கழுவியவள்" என்று பதில் வரும். சிலர் விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணும் இவர்தான் என்பார்கள். நாலு சுவிசேஷத்தையும் திறந்து வைத்துத் தேடினால், அவரைப் பாவி என்றோ விபசாரி என்றோ சொல்கிற ஒரு வசனம்கூடக் கிடையாது.

எப்படி வந்தது இந்தக் குழப்பம் என்று பார்க்க, தைலம் பூசிய கதைகளை ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதுங்கள். லூக்கா 7-இல் ஒரு பெண் வெள்ளைக்கல் பரணியில் பரிமளதைலம் கொண்டுவந்து, அழுது, கண்ணீரால் பாதங்களை நனைத்து, தலைமயிரால் துடைக்கிறார். இடம் ஒரு பரிசேயன் வீடு, அவன் பேர் சீமோன். காலம், இயேசு இன்னும் கலிலேயாவில் ஊழியம் செய்துகொண்டிருக்கிற நாட்கள். பெண்ணின் பேர் சொல்லப்படவில்லை. மத்தேயு 26-இலும் மாற்கு 14-இலும் இன்னொரு பெண், இன்னொரு வெள்ளைக்கல் பரணி, ஆனால் பூசியது தலையில், ஊர் பெத்தானியா, சிலுவைக்குச் சில நாள் முன்பு. வீட்டுக்காரன் குஷ்டரோகியாகிய சீமோன். இங்கேயும் பெண்ணுக்குப் பேர் இல்லை. யோவான் 12-இல் பெத்தானியாவில் ஒரு விருந்து, மார்த்தாள் பரிமாறுகிறார், லாசரு பந்தியில் இருக்கிறார், அவர்கள் சகோதரி மரியாள் நளதம் என்னும் விலையேறப்பெற்ற தைலத்தைப் பாதத்தில் பூசித் தலைமயிரால் துடைக்கிறார், முந்நூறு பணத்துக்கு விற்றிருக்கலாமே என்று யூதாஸ் கேட்கிறான். இங்கேதான் மரியாள் என்ற பேர் வருகிறது, ஆனால் அது பெத்தானியா மரியாள்.

இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் ஒரே பேர், இரண்டு பரணிகளும் வெள்ளைக்கல், இரண்டு இடத்தில் தலைமயிரால் துடைப்பது, போதாததற்கு ஒரு மரியாள். மனசு இவற்றை ஒட்டிவிடுவதில் ஆச்சரியமில்லை. கி.பி. 591-இல் ரோமில் போப் முதலாம் கிரகோரி ஒரு பிரசங்கத்தில், லூக்கா சொன்ன பாவியான பெண்ணும் பெத்தானியா மரியாளும் ஏழு பிசாசுகள் நீங்கின மரியாளும் ஒருவரே என்றும், அந்த ஏழு பிசாசுகளை எல்லாத் தீய குணங்களும் என்றும் விளக்கினார். மேற்கத்திய சபை அதைப் பிடித்துக்கொண்டது, ஓவியங்களும் நாடகங்களும் அதையே சொல்லின. கிழக்கத்திய சபைகள் மூவரையும் தனித்தனியாகவே வைத்திருந்தன. 1969-இல் கத்தோலிக்க வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது இந்தக் கலவையை விட்டுவிட்டார்கள். 2016-இல் ஜூலை 22-ஆம் தேதி அவருடைய நினைவு நாளைத் திருவிழா நிலைக்கு உயர்த்தினார்கள். ஆனால் ஊரில் பேச்சு மாறவில்லை, நம் பிரசங்கங்களிலும் மாறவில்லை.

லூக்காவையே சாட்சிக்குக் கூப்பிடலாம். ஏழாம் அதிகாரம் முடியும்போது அந்தப் பேரில்லாத பெண்ணின் கதை முடிகிறது. அடுத்த அதிகாரம் இரண்டாம் வசனத்தில், ஏழு பிசாசுகள் நீங்கின மகதலேனா மரியாள் என்று ஒருவரைப் புதிதாக அறிமுகம் செய்கிறார், கூடவே ஏரோதின் காரியக்காரன் கூசாவின் மனைவி யோவன்னாள், சூசன்னாள், தங்கள் ஆஸ்தியால் ஊழியத்துக்கு உதவியவர்கள். இரண்டு வசனத்துக்கு முன்னால் அழுத பெண்ணும் இவரும் ஒருவராக இருந்தால், அடைமொழி போடுவதில் இவ்வளவு கவனமாக இருக்கிற லூக்கா அதைச் சொல்லாமல் விட்டிருப்பாரா? பிசாசு பிடித்திருந்தது என்பதும் பாவம் செய்தார் என்பதும் ஒன்றல்ல, சுவிசேஷங்களில் பிசாசு பிடித்தவர்கள் துன்பப்பட்டவர்களாகத்தான் வருகிறார்கள், சிறுபிள்ளைகள்கூட அதில் உண்டு.

மகதலா கலிலேயா ஏரியின் மேற்குக் கரையில் இருந்த மீன்பிடி ஊர். 2009-இல் அங்கே முதல் நூற்றாண்டு ஜெபஆலயம் ஒன்றின் சுவர்களும், சிற்பம் செதுக்கிய கல் ஒன்றும் கிடைத்தன. அந்த ஊர்ப் பெண் சிலுவைக்கருகே நின்றார், கல்லறைக்கு இருட்டோடே போனார், உயிர்த்த இயேசுவை முதலில் பார்த்துச் சீஷர்களிடம் போய்ச் சொன்னார். அவரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இதைச் சொல்லுங்கள்.

மற்ற மரியாள்களும் நோட்டில் இடம் பெறட்டும். கிலெயோப்பா மரியாள், சின்ன யாக்கோபுக்கும் யோசேக்கும் தாயான மரியாள், மாற்கின் அம்மா மரியாள், ரோமர் 16-இல் பவுல் வாழ்த்துச் சொல்கிற மரியாள்.

பேர் இல்லாதவருக்குப் பேர் வைக்காதீர்கள்

மகதலேனாவுக்கு நேர்ந்தது இந்தப் பழக்கத்தால்தான். வசனம் பேர் சொல்லாத இடத்தில் நாமும் சொல்லாமல் இருக்கப் பழக வேண்டும். யோவான் 8-இல் கல்லெறிய இழுத்து வரப்பட்ட பெண்ணுக்குப் பேர் இல்லை. ஏரோதின் பிறந்தநாளில் நடனமாடிய பெண்ணுக்கும் சுவிசேஷத்தில் பேர் இல்லை, ஏரோதியாளின் மகள், அவ்வளவுதான். சலோமே என்ற பேர் ஜோசிபஸ் எழுதியதிலிருந்து வந்தது. அதைத் தெரியாமல் மாற்கு 15:40-ஐ வாசிக்கிறவர்கள், யோவானின் தலையைக் கேட்ட பெண் சிலுவையருகே எப்படி வந்தாள் என்று திகைக்கிறார்கள். அங்கே இருக்கிற சலோமே வேறு.

கிறிஸ்மஸ் குடிலில் மூன்று ராஜாக்களை வைக்கிறோம். மத்தேயு சாஸ்திரிகள் என்கிறார், ராஜாக்கள் என்று சொல்லவில்லை, எத்தனை பேர் என்றும் சொல்லவில்லை. பொன், தூபவர்க்கம், வெள்ளைப்போளம் என்று காணிக்கை மூன்று, அதனால் ஆளும் மூன்று ஆகிவிட்டார்கள். அவர்கள் வந்தது ஒரு வீட்டுக்கு. முன்னணையில் பிள்ளையைப் பார்த்த மேய்ப்பர்கள் லூக்காவின் கதையில் வருகிறார்கள். குடிலில் எல்லாரையும் சேர்த்து வைப்பதில் எனக்கு வருத்தமில்லை, பிள்ளைகள் கேட்டால் இரண்டு புத்தகத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிவிட்டால் போதும்.

ஒரே ஆளுக்கு இரண்டு பேர்

இப்போது எதிர்ப்பக்கம். சீமோன், பேதுரு, கேபா மூன்றும் ஒருவர். மத்தேயுவும் லேவியும் ஒருவர். தோமா, திதிமு ஒருவர். சீலாவும் சில்வானும் ஒருவர், தபீத்தாளும் தொற்காளும் ஒருவர், கிதியோனும் யெருபாகாலும் ஒருவர். லெபேயு, ததேயு, யாக்கோபின் யூதா இவையெல்லாம் ஒரே அப்போஸ்தலருக்கு என்பது பன்னிருவரின் பேர் வருகிற நாலு பட்டியல்களையும் ஒப்பிட்டுச் சேர்த்த முடிவு. நாத்தான்வேலும் பர்த்தொலொமேயுவும் ஒருவர் என்பதும் அப்படித்தான், வசனம் நேராகச் சொல்லவில்லை, அதனால் என் நோட்டில் பக்கத்தில் கேள்விக்குறி இருக்கிறது.

சவுலின் பேரைத் தமஸ்கு சாலையில் இயேசு பவுல் என்று மாற்றினார் என்று எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டுவிட்டோம். நடபடிகள் 9-ஆம் அதிகாரத்தில் அப்படி இல்லை. அதற்குப் பிறகும் நாலு அதிகாரம் அவர் சவுல்தான். 13:9-இல், சீப்புரு தீவில் ரோம அதிபதிக்கு முன்னால் நிற்கும்போதுதான் 'பவுல் என்று சொல்லப்பட்ட சவுல்' என்கிறார் லூக்கா. யூத வீட்டில் ஒரு பேர், ரோம உலகில் ஒரு பேர், இரண்டும் அவரிடம் இருந்திருக்கின்றன. பழைய ஏற்பாட்டு ராஜா சவுலும் இவரும் பென்யமீன் கோத்திரம் என்பதையும் எழுதி வையுங்கள்.

தானியேல் 5-ஐச் சத்தமாக வாசித்தவர்களுக்கு இது தெரியும்: விருந்து வைத்து, சுவரில் எழுத்தைப் பார்த்து நடுங்கிய ராஜா பெல்ஷாத்சார். அதே அதிகாரத்தில் தானியேலுக்குப் பாபிலோனில் வைத்த பேர் பெல்தெஷாத்சார். நடுவில் ஒரு 'தெ'தான் வித்தியாசம். வாசிப்பவர் நாக்குத் தடுமாறினால் ராஜாவே ராஜாவுக்கு அர்த்தம் சொன்னதாக ஆகிவிடும்.

கத்தோலிக்க வீட்டிலும் சிஎஸ்ஐ வீட்டிலும் ஒரே ஆளுக்கு வேறு பேர் இருப்பதும் நம்மிடம் உள்ள ஒரு விஷயம். இராயப்பர் பேதுரு, சின்னப்பர் பவுல், அருளப்பர் யோவான், சூசையப்பர் யோசேப்பு. பழைய பாட்டிமார் இந்தப் பேர்களில்தான் ஜெபித்தார்கள், இன்றைய திருவிவிலியத்தில் பேதுரு, பவுல், யோவான் என்றே இருப்பதால் இளையவர்களுக்கு இந்தத் தொடர்பு அறுந்து போகிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

யார் எங்கே இருந்தார் என்று பாருங்கள்

எத்தியோப்பிய மந்திரிக்கு ஞானஸ்நானம் கொடுத்த பிலிப்பு, பன்னிருவரில் ஒருவரான பிலிப்புவா? அப்போஸ்தலர் 8:1-இல் விடை இருக்கிறது. துன்பம் வந்தபோது அப்போஸ்தலர் தவிர மற்ற எல்லாரும் சிதறிப் போனார்கள். அப்படியானால் சமாரியாவுக்குப் போன பிலிப்பு எருசலேமிலேயே தங்கிவிட்ட அப்போஸ்தலன் இல்லை, 6-ஆம் அதிகாரத்தில் பந்தி விசாரிக்க நியமித்த ஏழு பேரில் ஒருவர். அனனியாக்களையும் ஊரை வைத்தே பிரிக்கலாம்: எருசலேமில் நிலம் விற்ற பணத்தில் பொய் சொல்லி விழுந்து இறந்தவர், தமஸ்குவில் சவுலின்மேல் கைவைத்து ஜெபித்தவர், பவுலை வாயில் அடிக்கச் சொன்ன பிரதான ஆசாரியன்.

யோவான் சுவிசேஷத்தில் 'யோவான்' என்று வந்தால் அது யோவான் ஸ்நானன்தான். அப்போஸ்தலன் யோவானின் பேர் அந்தப் புத்தகத்துக்குள் வருவதே இல்லை, செபெதேயுவின் குமாரர் என்று ஒரு தடவை வருவதோடு சரி. முதல் அதிகாரத்தில் 'அவன் பேர் யோவான்' என்பதை எழுதியவரே தன்னைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்துப் படிக்கிறவர்கள் உண்டு.

ராஜாக்கள் புத்தகத்தில் இனிஷியல் இல்லாமல் நகரவே முடியாது. 2 இராஜாக்கள் 8:16-இல் ஒரே வசனத்தில் இரண்டு யோராம்கள். இஸ்ரவேலில் ஆகாபின் மகன் ஆ. யோராம், யூதாவில் யோசபாத்தின் மகன் யோ. யோராம். பின்னவன் கட்டியது ஆகாபின் மகள் அத்தாலியாளை, ஆக இரண்டு யோராம்களும் மைத்துனர்கள். அத்தாலியாளுக்குப் பிறந்த பிள்ளைக்கு அகசியா என்று பேர், அவள் கூடப்பிறந்த இன்னொரு ராஜாவுக்கும் அகசியா என்று பேர், தாய்மாமன் பேரைப் பிள்ளைக்கு வைத்திருக்கிறார்கள். அடுத்த அதிகாரத்தில் யெகூ வரும்போது மாமன் ஆ. யோராமும் மருமகன் அகசியாவும் சேர்ந்தே அடிபடுகிறார்கள். குடும்பப் படம் ஒன்று வரைந்துவிட்டு இந்த அதிகாரங்களை வாசியுங்கள், வறண்டதாகத் தெரிந்த பக்கங்கள் ஒரு குடும்பக் கதையாக மாறிவிடும்.

எலியாவும் எலிசாவும் வேறு சிக்கல். இருவரும் ஒரு விதவைக்கு எண்ணெய் பெருகச் செய்தார்கள், இருவரும் ஒரு பையனை உயிரோடு எழுப்பினார்கள், இருவரும் அதே சால்வையால் யோர்தானை அடித்துப் பிரித்தார்கள். ஆகாபும் யேசபேலும் எதிரே நின்றால் எலியா, நாகமானும் கேயாசியும் வந்தால் எலிசா. சாறிபாத் விதவை எலியாவுக்கு அடை சுட்டுக் கொடுத்தவர், அக்கம்பக்கத்தில் பாத்திரம் இரவல் வாங்கி எண்ணெய் வார்த்தவர் எலிசா காலத்து விதவை.

பழகிவிட்டீர்களா என்று பார்க்க மாற்கு 15:40-ஐயும் மத்தேயு 27:56-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிலுவையைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்களின் பேர் இரண்டிலும் வருகிறது. மகதலேனா மரியாள் இரண்டிலும் உண்டு. யாக்கோபுக்கும் யோசேக்கும் தாயான மரியாளும் இரண்டிலும் உண்டு, மாற்கு அந்த மகனைச் 'சின்ன யாக்கோபு' என்கிறார், அவர் அ. யாக்கோபா என்று பென்சிலால் கேட்டு எழுதுங்கள். மூன்றாவது இடத்தில் மாற்கு சலோமே என்கிறார், மத்தேயு செபெதேயுவின் குமாரருடைய தாய் என்கிறார். அப்படியானால் செ. யாக்கோபுக்கும் செ. யோவானுக்கும் அம்மா பேர் சலோமேயா? பலர் அப்படித்தான் முடிவு செய்திருக்கிறார்கள். பல பெண்கள் அங்கே இருந்தார்கள் என்று மத்தேயுவே சொல்வதால் அது வேறொருவராகவும் இருக்கலாம். என் நோட்டில் அந்தப் பேரையும் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்.